டிரவுட் சிக்கவில்லையா? ஃப்ளையை மாற்றுமுன் பார்க்க வேண்டியவை

டிரவுட் மீன் பிடிக்க நீலகிரி அணைக்கரைகளில் ஃப்ளை (இறகும் நூலும் கட்டிப் பூச்சிபோல் காட்டும் முள்) தூண்டிலோடு புதிதாக நிற்பவர், அரை மணி நேரம் மீன் வரவில்லை என்றதும் பெட்டியைத் திறந்து வேறு ஃப்ளை கட்டுவார். பெரும்பாலும் கோளாறு அங்கே இருக்காது. ஓடையில் தண்ணீரே பாதி வேலையைப் பார்த்துவிடும். கோணலாக விழுந்த லைனை நீட்டிவிடும், ஃப்ளையை அசைக்கும், மீனின் வாய்க்கருகே கொண்டுபோய்ச் சேர்க்கும். தேங்கிய தண்ணீர் இதில் எதையும் செய்யாது. அங்கே சுற்றித் திரிவது மீன். லைனை நேராக நீட்டுவதும், ஃப்ளையைச் சரியான ஆழத்துக்கு இறக்குவதும், உயிர் இருப்பதுபோல் இழுப்பதும் உங்கள் கை வேலை. ஆகவே பிழை தேடும் வரிசை இப்படி இருக்கட்டும்: வீச்சு, லீடர் (லைனுக்கும் ஃப்ளைக்கும் நடுவே கட்டும் மெல்லிய நூல்), ஆழம், இடம், இழுக்கும் வேகம். ஃப்ளை கடைசியில்.

கையில் இருப்பதாக எடுத்துக்கொள்வது இவ்வளவுதான்: ஒன்பதரை அல்லது பத்து அடி நீளமுள்ள 6ஆம் எண் ராடு (தூண்டில் கம்பு), அதே எண்ணுள்ள மிதக்கும் லைன், நுனி நோக்கி மெலிந்துவரும் 9 அடி டேப்பர் லீடர், அதன் நுனியில் ஃப்ளை கட்டும் 3 அடி மெல்லிய நூலான டிப்பெட். 10, 12ஆம் எண் முள்ளில் கறுப்பிலும் ஆலிவ் பச்சையிலும் வுல்லி பக்கர், ஹேர்ஸ் இயர், ஃபெசன்ட் டெயில், கறுப்பு பஸ்ஸர் ஆகிய மூழ்கும் ஃப்ளைகள், மிதக்கும் டிரை ஃப்ளை இரண்டு மூன்று. கண்ணாடியும் தொப்பியும் கட்டாயம்.

அனுமதிச் சீட்டையும் இந்தப் பட்டியலில் சேர்க்க வேண்டும். இங்குள்ள டிரவுட் தண்ணீரில் பெரும்பகுதி காப்புக்காட்டுக்குள் கிடக்கிறது. முக்கூர்த்தி தேசியப் பூங்காவுக்குள் தூண்டில் போடவே கூடாது. வனத்துறை, மீன்வளத்துறை இரண்டிடமும் கேட்டு, எழுத்தில் அனுமதி கிடைத்த இடத்தில் மட்டும் இறங்குங்கள். காட்டெருமை தண்ணீர் குடிக்க வரும் கரையில் பொழுது சாய்ந்தபின் நிற்பது வீரமல்ல.

லைன் முன்னால் குவியலாக விழுகிறது

மூன்று காரணங்கள். முதலாவது, வெளியே போதுமான லைன் இல்லை. ராடின் எண் என்பது லைனின் முதல் 30 அடியின் எடையைக் கொண்டு வைத்தது. 6ஆம் எண்ணுக்கு அது ஏறக்குறைய பத்தரை கிராம். நுனி வளையத்துக்கு வெளியே 12, 15 அடி மட்டும் தொங்கவிட்டு எவ்வளவு வேகமாக ஆட்டினாலும் ராடு வளையாது. ராடு வளையாமல் லைன் பறக்காது. 25 அடியாவது வெளியே விட்டபின் வீசத் தொடங்குங்கள்.

இரண்டாவது, மணிக்கட்டு மடங்குகிறது. ராடு பின்னால் கிட்டத்தட்ட தரைக்குச் சாய்ந்துவிடும். லைன் பின்னால் உள்ள புல்லில் விழுந்து கிடக்க, அதை நீங்கள் முன்னுக்கு இழுக்கிறீர்கள். கடிகார முள் கணக்கில் ராடு பின்னால் 1 மணியில் நிற்க வேண்டும், முன்னால் 10 மணிக்கு மேல் இறங்கக் கூடாது. ராடின் அடிக்கட்டையை முழுக்கைச் சட்டையின் கைமடிப்புக்குள் செருகிக்கொண்டு பத்து நிமிடம் வீசிப் பாருங்கள். மணிக்கட்டு மடங்கினால் துணி இழுத்துச் சொல்லிவிடும்.

மூன்றாவது, நிற்காமல் தள்ளுவது. தோசையைத் திருப்புகிற மாதிரி கடைசியில் ஒரு வெடுக்கு, உடனே நிறுத்தம். நிறுத்தத்தில்தான் வளைந்த ராடு நிமிர்ந்து லைனை எறிகிறது. மெதுவாகத் தேய்ந்து நிற்கும் கை, குவியலைத்தான் தரும்.

பழகுவதற்குப் புல்தரையே போதும். முள்ளுக்குப் பதில் சிவப்புக் கம்பளி நூல் ஒரு துண்டு கட்டுங்கள். தார் ரோட்டிலும் சிமென்ட் களத்திலும் வேண்டாம். லைனின் மேல்பூச்சு உரிந்துபோகும்.

வீசும்போது 'பட்' என்று சாட்டைச் சத்தம், பிறகு ஃப்ளையைக் காணோம்

பின்னால் போன லைன் முழுக்க நீளுமுன் முன்னுக்கு இழுத்துவிட்டீர்கள். நுனி திரும்பும் வேகத்தில் டிப்பெட் அறுந்து ஃப்ளை காட்டுக்குள் போய்விட்டது. லைன் நீள நீள நிற்கும் நேரமும் நீள வேண்டும். தலையைத் திருப்பிப் பின்வீச்சைக் கண்ணால் பாருங்கள். அது வெட்கப்படுகிற விஷயமல்ல. சத்தம் கேட்டதும் லீடரை இழுத்து ஃப்ளை இருக்கிறதா என்று பார்த்துவிட்டு மறுபடி வீசுங்கள். வெறும் நூலை ஒரு மணி நேரம் தண்ணீரில் இழுத்தவர்கள் உண்டு.

லீடரில் தானாகவே முடிச்சு விழுகிறது

இதைக் காற்று முடிச்சு என்பார்கள். பழி காற்றின் மேல், குற்றம் கையின் மேல். முன்வீச்சின் தொடக்கத்திலேயே முழு பலத்தையும் கொடுத்தால் ராடின் நுனி நேர்கோட்டில் போகாமல் பள்ளம் விழுந்து ஏறும். லைனும் அதே பாதையில் போய், மேல்பக்கம் கீழ்ப்பக்கத்தைக் கடந்து சிக்கிக்கொள்ளும். மெதுவாகத் தொடங்கி, முடிவில் வேகம் கூட்டுவதுதான் மருந்து. பின்வீச்சு நீளக் காத்திருக்கும்போது கை தன்னையறியாமல் முன்னே ஊர்ந்துவிடுவதும் இதே கோளாறைத் தரும்.

பத்து வீச்சுக்கு ஒருமுறை டிப்பெட்டை விரல் நடுவே உருவிப் பாருங்கள். குட்டி முடிச்சு தட்டுப்பட்டால், இறுகியிருக்காவிட்டால் ஊசியால் பிரிக்கலாம். இறுகியிருந்தால் வெட்டிவிட்டு மறுபடி கட்டுங்கள். அந்த முடிச்சு நூலின் பலத்தில் ஏறக்குறைய பாதியைத் தின்றுவிடும்; பெரிய மீன் வந்த அன்றைக்குத்தான் அது தெரியும்.

பின்னால் சீகை மரத்தில் மாட்டுகிறது

எமரால்டு, அவலாஞ்சி அணைகளின் பக்கம் பல கரைகளில் சீகையும் பைனும் தண்ணீர் வரை இறங்கி நிற்கின்றன. பின்வீச்சுக்கு இடமில்லாத அந்தக் கரைகளில் ரோல் வீச்சு ஒன்றே வழி. தண்ணீரில் கிடக்கும் லைனை மெதுவாக இழுத்து, ராடைக் காதுக்கருகே 1 மணிக்குக் கொண்டுவந்து நிறுத்துங்கள். ராடின் நுனியிலிருந்து லைன் உங்கள் தோளுக்குச் சற்றுப் பின்னால் வளைந்து தொங்கட்டும், மீதி தண்ணீரிலேயே கிடக்கட்டும். நின்றபிறகு ஒரே அழுத்தமாக முன்னே சுண்டுங்கள். லைன் தண்ணீரைப் பிடித்திருப்பதால்தான் ராடு வளைகிறது. எனவே இதைப் புல்தரையில் பழக முடியாது. 30 அடி போனால் போதும், அதற்குள்ளேயே மீன் இருக்கிறது.

காற்று வலப்பக்கமிருந்து அடிக்கிறது, ஃப்ளை காதை உரசிப் போகிறது

வலக்கைக்காரருக்கு இதுதான் ஆபத்தான காற்று. நிறுத்துங்கள். ராடை இடத்தோளுக்கு மேல் சாய்த்து வீசலாம்; அல்லது ஏரிக்கு முதுகைக் காட்டி நின்று, பின்வீச்சையே தண்ணீருக்குள் விடலாம். இரண்டும் வராவிட்டால் எதிர்க்கரைக்கு நடந்துவிடுங்கள். முள்ளின் உள்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் எதிர்முனையைக் குறடால் நசுக்கிவிட்டால், சதையில் ஏறினாலும் வந்த வழியே உருவிவிடலாம். மீனின் வாய்க்கும் அதுதான் நல்லது.

லைன் நேராகப் போகிறது, ஆனாலும் ஒரு கடியும் இல்லை

இங்கேதான் பொறுமையாக உட்கார்ந்து யோசிக்க வேண்டும்.

முதலில் லீடரைப் பாருங்கள். மிதக்கும் லீடர் அமைதியான தண்ணீரில் கண்ணாடியில் விழுந்த கீறல் போலத் தெரியும். வெயிலில் அதன் நிழல் அடித்தரையில் கயிறு மாதிரி ஓடும். அதை மூழ்கடிக்க விற்கும் பசையைத் தேடி அலைய வேண்டாம். நாட்டு மருந்துக் கடையில் முல்தானி மட்டி வாங்கி, பாத்திரம் கழுவும் திரவத்தோடு மருந்துக்கடைக் கிளிசரின் சில சொட்டு விட்டுச் சப்பாத்தி மாவு பதத்தில் பிசைந்து ஒரு சிமிழில் அடைத்துக்கொள்ளுங்கள். டிப்பெட்டை அதில் உருவினால் நூலில் ஒட்டிய எண்ணெய் போய்த் தண்ணீரைக் கிழித்து இறங்கும். டிரை ஃப்ளை போடும்போதும் நுனி 2 அடிக்கு இதைத் தடவலாம், ஃப்ளையில் மட்டும் பட்டுவிடக் கூடாது.

அடுத்தது ஆழம். பெரும்பாலும் கோளாறு இதுதான். மீன் நிற்கும் ஆழத்துக்கு ஃப்ளை போகவே இல்லை. விழுந்ததும் இழுக்கத் தொடங்கிவிடுகிறீர்கள். எண்ணிப் பழகுங்கள். ஃப்ளை விழுந்ததும் 5 எண்ணிவிட்டு இழுங்கள். அடுத்த இரண்டு வீச்சுக்கு 10. பிறகு 15, 20. முள் அடித்தரையைத் தொட்டுப் பாசியோடு வந்தால், அதைவிட 3 எண்ணிக்கை குறைத்து நிறுத்துங்கள். எந்த எண்ணில் கடி வந்ததோ அதை மறக்காதீர்கள். அன்றைக்கு அதுதான் கணக்கு. கரையோரத் தெளிந்த தண்ணீரில் ஃப்ளையைப் போட்டு, முழங்கால் ஆழம் இறங்க எத்தனை எண்ணிக்கை ஆகிறது என்று முதலிலேயே பார்த்துக்கொள்ளலாம். ஆனால் மிதக்கும் லைனில் கட்டியிருக்கும்போது அது இன்னும் மெதுவாகவே இறங்கும்.

பஸ்ஸர் கட்டியிருந்தால் வேறு வழியும் உண்டு. கொசுவைப் போலிருந்தும் கடிக்காத ஒரு பூச்சியினத்தின் கூட்டுப்புழுதான் பஸ்ஸர் காட்டும் வேஷம். அது சேற்றிலிருந்து மேலே ஏறுவது ஆமை வேகத்தில். லீடரில் 5 அல்லது 6 அடி உயரத்தில் எண்ணெய் தடவிய கம்பளித் துண்டை மிதவையாகக் கட்டி, காற்று அலையில் சும்மா ஆடவிடுங்கள். இழுக்கவே வேண்டாம். மிதவை நின்றாலும், சாய்ந்தாலும், அலைக்கு எதிராக நகர்ந்தாலும் அது மீன்.

ஆழம் சரியென்றால், இடம். முதல் வீச்சைத் தூரத்துக்கு அனுப்பாதீர்கள். காலை வெளிச்சம் குறைவாக இருக்கும்போது டிரவுட் கரையிலிருந்து 10, 15 அடிக்குள்ளேயே மேயும். தடதடவென நடந்து முழங்கால் தண்ணீரில் இறங்கி நின்றால், மீன் இருந்த இடத்தில் நீங்கள் நிற்கிறீர்கள் என்று பொருள். கரையிலிருந்து இரண்டடி பின்னால் நின்று, முதலில் கரையை ஒட்டி இடப்பக்கம், பிறகு விசிறி மாதிரி ஒவ்வொரு வீச்சாக வலப்பக்கம் நகருங்கள். வெள்ளைச் சட்டை வேண்டாம். ஓடை வந்து சேரும் வாய், சரிவு திடீரென ஆழமாகும் விளிம்பு, காற்று பூச்சிகளைக் கொண்டுவந்து ஒதுக்கும் கரை ஆகியவை முதலில் பார்க்க வேண்டிய இடங்கள். காற்றை முகத்தில் வாங்கி வீசுவது சிரமம்தான். மீனுக்கு அந்தக் கரையில்தான் இலை போட்டிருக்கிறது.

வேகமும் கவனிக்க வேண்டியதே. ஹேர்ஸ் இயரை வுல்லி பக்கர் மாதிரி இழுக்கக் கூடாது. லைனை உள்ளங்கையில் எட்டு வடிவத்தில் சுருட்டிச் சுருட்டி, நிமிடத்துக்கு நாலைந்து அடி மட்டும் வரட்டும். வுல்லி பக்கருக்கு ஒரு சாண் இழுப்பு, நிறுத்தம், மறுபடி இழுப்பு. கடி பெரும்பாலும் அந்த நிறுத்தத்தில் வரும்.

இவ்வளவும் பார்த்தபிறகு ஃப்ளையை மாற்றுங்கள். மாற்றும்போதும் முதலில் அளவைக் குறையுங்கள், நிறத்தை அப்புறம் பார்க்கலாம்.

போன வாரம் மீன் கிடைத்த இடத்தில் இன்று ஒன்றுமில்லை

நீர்மட்டத்தைப் பாருங்கள். அவலாஞ்சி, எமரால்டு, அப்பர் பவானி எல்லாம் குந்தா நீர்மின் திட்டத்துக்காகக் கட்டிய அணைகள். மின்சாரத் தேவைக்கேற்பத் தண்ணீர் ஏறும், இறங்கும். அவலாஞ்சியும் எமரால்டும் ஒன்றோடொன்று இணைந்தவை. மட்டம் ஏறும்போது புதிதாக மூழ்கும் புல்லில் இருக்கும் புழு, எறும்பு, வெட்டுக்கிளியைத் தேடி மீன் கரைக்கு வரும்; அப்போது கரையை ஒட்டி வீசுங்கள். வேகமாக இறங்கும்போது வெறும் சேற்றுக்கரை மிஞ்சும், மீன் ஆழத்துக்கு விலகிவிடும். வெடித்துக் காய்ந்ததுபோல் தெரியும் அந்தச் சேற்றில் இறங்காதீர்கள். மேலே ஓடு, கீழே களி. மட்டம் குறைந்திருக்கும் நாளில் பழைய ஓடைத்தடங்களைப் படம் எடுத்து வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம். அணை நிரம்பியபின் மீன் அந்தத் தடங்களில்தான் நடமாடும்.

வெயில் காலத்தில் மத்தியானம் எதுவும் அசைவதில்லை

டிரவுட் குளிர்நீர் மீன். 10 முதல் 16 டிகிரி வரை நன்றாக மேயும். 20ஐத் தாண்டினால் திணறும். காரணம் ஆக்சிஜன். கடல் மட்டத்தில் 20 டிகிரி தண்ணீர் லிட்டருக்கு ஏறக்குறைய 9 மில்லிகிராம் ஆக்சிஜனைத் தாங்கும். 2,000 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் குறைவு என்பதால் அதே தண்ணீர் 7 மில்லிகிராம்தான் தாங்கும். ஆக, மலை ஏரி குளிர்ச்சியாகத் தெரிந்தாலும் ஏப்ரல், மே மாதங்களில் மேல்மட்டம் சீக்கிரமே மீனுக்கு மூச்சுமுட்டும் இடமாகிறது. நூலில் கட்டிய ஒரு தெர்மாமீட்டர் பத்து ஃப்ளைக்குச் சமம். மேலே 19, 20 காட்டினால் ஓடை வாயிலும் ஆழத்திலும் மட்டும் முயலுங்கள், அல்லது விடியலோடு முடித்துக்கொள்ளுங்கள். அந்தச் சூட்டில் பிடித்து விடும் மீன் நீந்திப் போனாலும் பிறகு செத்துப்போகும் வாய்ப்பு கூடுதல்.

உறைபனி விழும் டிசம்பர், ஜனவரியில் கதை தலைகீழ். பூச்சி கிளம்ப வெயில் ஏற வேண்டும். பத்து மணிக்கு மேல் போனாலும் ஒன்றும் இழப்பில்லை. குளிரில் மீன் முட்டையிட ஓடைகளுக்குள் ஏறும். கணுக்கால் தண்ணீரில் ஜோடியாக நிற்கும் மீனைத் தொடாதீர்கள். அவலாஞ்சியில் 1907 வாக்கில் ஹெச். சி. வில்சன் பொரிப்பகம் அமைத்துத் தொடங்கிவைத்த வானவில் டிரவுட்தான் இந்த மலையில் தானே பெருகி நிற்கிறது. அந்த ஓடைகள்தான் அதன் தொட்டில்.

தண்ணீர் டீ நிறத்தில் இருக்கிறது

2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 90 செ.மீ.க்கு மேல் கொட்டியது. அந்த மாதிரி மழைக்குப் பிறகு வீட்டிலேயே இருங்கள். சாதாரணத் தென்மேற்கு மழைக்குப் பின் முழங்கை வரை கையை விட்டுப் பாருங்கள். விரல் தெரிந்தால் வீசலாம். ஓடை சேராத ஒதுக்குக் குடாவில், கறுப்பு வுல்லி பக்கரை மிக மெதுவாக இழுங்கள். கலங்கலில் கறுப்புதான் உருவம் தெரியும் நிறம்.

தட்டுகிறது, ஆனால் மாட்டவில்லை

ராடின் நுனி எங்கே இருக்கிறது? நெஞ்சு உயரத்தில் இருந்தால் நுனிக்கும் தண்ணீருக்கும் இடையே லைன் தொய்ந்து தொங்கும். மீன் கடித்துத் துப்பியபிறகுதான் கைக்குச் செய்தி வரும். நுனியைத் தண்ணீரைத் தொடுமளவு தாழ்த்தி, லைனுக்கு நேராக நீட்டிப் பிடியுங்கள். தட்டியதும் ராடைத் தூக்காதீர்கள். இடக்கையால் லைனை ஒரு அடி நீளமாக இழுங்கள், கனம் தெரிந்தபின் தூக்குங்கள். தப்பினாலும் ஃப்ளை அங்கேயே இருக்கும், மீன் திரும்பி வரும்.

முள்ளின் முனையைக் கட்டைவிரல் நகத்தில் வைத்து இழுங்கள், வழுக்கினால் மழுங்கிவிட்டது. பின்னால் கல்லில் ஒருமுறை தட்டினாலே போதும், முனை போய்விடும். வுல்லி பக்கரின் வாலை மட்டும் மீன் கவ்வுகிறதென்றால், வாலை நகத்தால் கிள்ளி முள்ளின் நீளத்துக்குக் குறையுங்கள். கத்தரிக்கோலால் வெட்டினால் துடைப்பம் மாதிரி நிற்கும்.

மாட்டியதும் அறுந்துபோகிறது

அறுந்த நுனியைப் பாருங்கள். பன்றிவால் போலச் சுருண்டிருந்தால் முடிச்சு அவிழ்ந்தது. நடுவில் நேராக அறுந்திருந்தால் காற்று முடிச்சு அல்லது கல்லில் உரசியது.

ஃப்ளையின் கண்ணில் நூலைக் கோத்து, தன்னைச் சுற்றியே 5 சுற்று, கண்ணுக்கருகே உள்ள குட்டி வளையத்தில் நுழைத்து, பிறகு பெரிய வளையத்திலும் நுழையுங்கள். எச்சில் தொட்டு நனைத்து மெதுவாக இறுக்குங்கள். காய்ந்த நூலை வெடுக்கென்று இறுக்கினால் உராய்வுச் சூட்டிலேயே பலம் போய்விடும். டிப்பெட்டின் தடிமனுக்கு எளிய கணக்கு: முள்ளின் எண்ணை மூன்றால் வகுங்கள். 12ஆம் எண் முள்ளுக்கு 4 எக்ஸ், அதாவது 0.18 மி.மீ. வுல்லி பக்கருக்கு 3 எக்ஸ், 0.20 மி.மீ. வெயிலில் காரின் முன்கண்ணாடிக்கருகே கிடந்த நைலான் சுருளைத் தூக்கிப் போடுங்கள்.

மீன் ஓடினால் விடுங்கள். ரீலை இறுக்கிப் பிடிப்பதுதான் அறுவதற்குக் காரணம். லைனைக் கையால் இழுத்தால் ரீல் மெதுவாகச் சுழன்று வருமளவுக்கு பிரேக்கை வையுங்கள். மீன் துள்ளும்போது ராடை அதன் பக்கம் தாழ்த்துங்கள். இறுகிய நூலின்மேல் விழும் மீனின் எடைதான் அறுக்கிறது.

லைன் வளையங்களில் ஒட்டுகிறது, மிதக்காமல் மூழ்குகிறது

அழுக்கு. வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் கழுவும் திரவம் இரண்டு சொட்டு, மெல்லிய துணி, லைனை இரண்டு முறை உருவினால் சரியாகும். மேல்பூச்சே பிசுபிசுத்தால் அட்டைக்கும் கொசுவுக்கும் பூசிய களிம்பைச் சந்தேகியுங்கள். அவற்றில் சில பிளாஸ்டிக்கைக் கரைக்கும். அட்டைக்குக் காலுறைமேல் உப்பு போதும். களிம்பு பூசினால் புறங்கையால் பூசுங்கள். ரீலில் சுருண்டே இருந்த லைன் ஸ்பிரிங் மாதிரி வந்தால், வீசுமுன் பத்துப் பதினைந்து அடியாகப் பிடித்து மெதுவாக நீட்டிவிடுங்கள்.

ராடின் துண்டுகள் கழன்று வருகின்றன, அல்லது பிரிக்கவே முடியவில்லை

கழன்றால், ஆண் பகுதியில் மெழுகுவர்த்தியை லேசாகத் தேய்த்து, கால் சுற்றுத் திருப்பிச் செருகுங்கள். சிக்கினால் முறுக்காதீர்கள், நார் பிளந்துவிடும். ராடை முழங்காலுக்குப் பின்னால் கிடையாகப் பிடித்துக் குந்தி உட்கார்ந்து, கைகளைக் கால்களின் வெளிப்பக்கம் வைத்து, முழங்கால்களை மெல்ல விரித்துத் தள்ளினால் நேர் இழுப்பில் பிரிந்துவிடும். ஈரத்தோடு குழாய்க்குள் போட்டு மூட வேண்டாம். ஊட்டி மழைக்காலத்தில் கார்க் பிடியில் பூசணம் பிடிக்க அதிக நாள் ஆகாது.